குவாதலூப்பில் ஆறு இரவுகள்

கல்யாணமாகிப் பத்து வருஷம் முடியும் ஏப்ரலில், குழந்தைகள் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு வாரம் எங்காவது போய் வருவது என்று முடிவு செய்தோம். காரைக்காலிலிருந்து அம்மா கனடாவின் மொன்றியாலுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. "நான் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று அம்மா சொன்ன அன்றைக்கே அலுவலகத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கே போவது என்பதில்தான் ஆறு வாரம் போயிற்று.

மொன்றியாலில் ஏப்ரல் மாதம் தெருவோரத்தில் இன்னும் பழைய பனி கிடக்கும். கதகதப்பான கடல் வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இங்கே எல்லோரும் செய்வது, கியூபாவின் வரதேரோவுக்கோ டொமினிகன் குடியரசின் புன்டா கானாவுக்கோ ஒரு வார 'ஆல் இன்க்ளூசிவ்' போவது. விமானம், அறை, சாப்பாடு எல்லாம் ஒரே விலையில் முடிந்துவிடும். எங்கள் நண்பர்கள் பலர் அப்படிப் போய் நிம்மதியாகத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் என் கணவர் சுத்த சைவம்; ஏழு நாளும் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டியும் பழமுமாகச் சாப்பிட வேண்டியிருக்கும். எனக்கோ ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊர்க்காரர்கள் காய்கறி வாங்கும் கடைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். வேலிக்குள் ஒரு வாரம் இருக்க முடியும் என்று தோன்றவில்லை.

முதலில் நான் போட்ட திட்டம் பெரியது. கரீபியனில் குவாதலூப், டொமினிக்கா, மார்த்தினிக், செயின்ட் லூசியா நான்கு தீவுகளும் வரிசையாக இருக்கின்றன, இடையில் படகும் ஓடுகிறது. அதில் மூன்று தீவுகளைப் பார்த்துவிடலாம் என்று அட்டவணை போட்டு இவரிடம் நீட்டினேன். இவர் பேனாவை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டார். ஆறு இரவு என்றால் முழு நாள் ஐந்துதான். ஒவ்வொரு தீவு மாற்றத்துக்கும் பெட்டி கட்டுவது, துறைமுகத்துக்குப் போவது, காத்திருப்பது, படகு, குடிவரவு வரிசை, புதிதாகக் கார் எடுப்பது என்று அரை நாளுக்கு மேல் போய்விடும். இரண்டு மாற்றத்தில் ஒன்றரை நாள். "மிச்சம் மூன்றரை நாளுக்கு மூணு தீவா?" என்று கேட்டார். அந்தக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே தீவு, அதுவும் நேர் விமானம் போகிற தீவு என்று அன்றைக்கு முடிவானது. ஒரு வாரத்துக்கும் குறைவான பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். தீவின் அழகைப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மொன்றியாலிலிருந்து குவாதலூப்பின் புவான்தாபித்ருக்கு நேர் விமானம் இருக்கிறது, ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கோடைகால நேர மாற்றத்துக்குப் பிறகு இரண்டு ஊருக்கும் கடிகாரமும் ஒன்றே. குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது போன பிறகுதான் தெரிந்தது. அவர்கள் சாப்பிட்டுத் தூங்கப் போகும் நேரத்தில் நாங்களும் அங்கே விளக்கடியில் உட்கார்ந்து பேச முடிந்தது.

குவாதலூப்பைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் கப்பல்கள் வந்தன. 1854 டிசம்பரில் 'ஓரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து வருஷங்களில் 42,000 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து அங்கே போனார்கள். காரைக்காலில் வளர்ந்த எனக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. மொன்றியாலில் பிரெஞ்சு வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு குவாதலூப் பெண்தான் சொன்னாள். அவளுடைய குடும்பப் பெயர் வீரப்பனின் பிரெஞ்சு உருவம்.

விசா பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் இருவரிடமும் கனடா பாஸ்போர்ட் இருக்கிறது, அதனால் குறுகிய பயணத்துக்கு விசா தேவைப்படவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டம், அங்கே புழங்குவது யூரோ, ஆனால் அது ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசா வட்டாரத்துக்குள், வராது. பாரிஸுக்கு வாங்கிய சாதாரண ஷெங்கன் விசாவைக் காட்டி அங்கே இறங்க முடியாது. விண்ணப்பத்திலேயே குவாதலூப் போவதாகக் குறிப்பிட்டு அதற்கான விசா வாங்க வேண்டும். மயாமி, நியூயார்க் வழியாக மாறிப் போகிற மலிவான டிக்கெட் கண்ணில் பட்டால், அதற்கு அமெரிக்க விசாவும் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு நாங்கள் செய்த ஒரு காரியம், இந்தப் பயணத்திலேயே உருப்படியானது. ஆளுக்கு ஒரு காகிதம் எடுத்துக்கொண்டு, மற்றவருக்குக் காட்டாமல், இந்த ஆறு நாளில் கட்டாயம் வேண்டும் என்று நினைப்பதில் மூன்றை மட்டும் எழுதினோம். நான் எழுதியவை: ஒரு மலையோ அருவியோ ஏற வேண்டும், லே சாந்த் என்ற குட்டித் தீவுகளுக்குப் போக வேண்டும், தமிழர் கோயிலைப் பார்க்க வேண்டும். இவர் எழுதியவை: அலாரம் இல்லாமல் எழுந்திருக்க வேண்டும், ஒரு நாள் முழுக்கக் கடலுக்கு எதிரே சும்மா உட்கார வேண்டும், "அவளோடு அவசரமில்லாமல் பேச வேண்டும்."

மூன்றாவதைப் படித்ததும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பத்து வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பால் வாங்கியாச்சா, பல் டாக்டர் தேதி எப்போது என்ற அளவில் சுருங்கிப்போயிருந்தது எனக்கும் தெரியும். ஆனால் அவர் அதை ஒரு ஆசையாக எழுதி வைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதினோரு இடங்கள் இருந்த என் அட்டவணையை அன்றே கிழித்தேன். இரண்டு காகிதத்திலும் இருந்த ஆறு விஷயங்கள்தான் திட்டம். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வைப்பதில்லை என்று பேசிக்கொண்டோம்.

எப்போது போவது என்பதைக் காலநிலைதான் தீர்மானிக்கிறது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் மோசம். 2017 செப்டம்பரில் மரியா புயல் அந்தப் பக்கத்துத் தீவுகளைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியாது. டிசம்பரிலிருந்து மே வரை 'காரேம்' என்கிற வறண்ட காலம், காற்று இதமாக வீசும். அதில் கிறிஸ்துமஸும் பிப்ரவரி, மார்ச் பள்ளி விடுமுறைகளும் விலை ஏறும் வாரங்கள். ஈஸ்டர் வார இறுதியில் உள்ளூர்க் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு கடற்கரையில் கூடாரம் போட்டு நண்டுச் சோறு சமைத்துக் கொண்டாடுவார்கள். பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் இருவர் தனியாக உட்கார இடம் தேடினால் கிடைக்காது. நாங்கள் ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரத்தைப் பிடித்தோம்.

அம்மாவுக்காகச் செய்துவைத்த ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். குழந்தைகளின் உடல்நலக் காப்பீட்டு அட்டைகள், டாக்டர் தொலைபேசி எண், பள்ளிக்கு ஒரு கடிதம், அவசரம் என்றால் சிகிச்சைக்குச் சம்மதம் தர அம்மாவுக்கு அனுமதி என்று நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். எல்லாம் ஒரே உறையில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தோம். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதால் கீழ்த்தளத்து வீட்டு அம்மாளிடமும் சொல்லி வைத்தோம். இவ்வளவும் செய்த பிறகே எனக்கு மனசு விமானம் ஏறியது.

சரி, இப்போது நாங்கள் தவறிய இடம்.

குவாதலூப்பின் வரைபடத்தைப் பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல இருக்கும். ரிவியேர் சாலே என்ற குறுகிய உப்புநீர்க் கால்வாய் நடுவில் பிரிக்கிறது. கிழக்குச் சிறகு கிராந்த்-தேர்: சுண்ணாம்புக் கல், தட்டை நிலம், கரும்பு, வெள்ளை மணல். மேற்குச் சிறகு பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, அருவி. அங்கே உள்ள சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர் உயரம், 1976இல் அது புகையும் சாம்பலும் கக்கியபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் ஊரைக் காலி செய்தார்கள். வரைபடத்தில் சின்னதாகத் தெரிகிறதே என்று நினைக்கக் கூடாது. மலைப் பாதை வளைந்து வளைந்து போகும், ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் சாதாரணம்.

நான் படத்தைப் பார்த்து மயங்கி, அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்குக் கரையில் ஒரு தனி வீட்டை ஆறு இரவுக்கும் பதிவு செய்தேன். தாழ்வாரத்திலிருந்து பத்தடியில் கடல். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இருட்டிய பிறகு அங்கே போய்ச் சேர்ந்தோம். காரின் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். காலையில் பார்த்தால் கரை முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு நிறப் பாசி குவிந்து கிடந்தது. சர்காசம் என்று பெயர். 2011இலிருந்து வெப்பமண்டல அட்லாண்டிக்கில் பெரும் பட்டையாக வளர்ந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள கரீபியன் தீவுகளின் கிழக்கு, தெற்குக் கரைகளில் வந்து ஒதுங்குகிறது. கடலில் மிதக்கும்போது அது மீன்குஞ்சுகளுக்கு வீடு. கரையில் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடுகிறது. நாள்பட்டால் வீட்டிலுள்ள உலோகச் சாமான்கள் கூடக் கறுத்துப்போகும். கண் எரிந்தது, இவருக்குத் தலைவலி வந்துவிட்டது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். இயற்கைக்கு அவர் பொறுப்பல்ல என்பது சரிதான். ஆனால் அந்தப் பகுதிக்கு வருஷா வருஷம் பாசி வருகிறது என்பதை விளம்பரத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம். பேசிப் பேசிக் கடைசியில் இரண்டு இரவுக் காசை மட்டும் திருப்பித் தந்தார். மற்றது போனது போனதுதான்.

இதிலிருந்து நான் கற்றதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கரீபியனின் எந்தத் தீவுக்குப் போனாலும் இது பொருந்தும். இந்தத் தீவுகளில் வாணிபக் காற்று (trade wind) கிழக்கிலிருந்து வீசுகிறது. காற்றை எதிர்கொள்ளும் கரையில் அலை பெரியது, பாசி வருவதும் அங்கேதான். காற்றுக்கு மறைவான மேற்குக் கரையில் கடல் குளம் போலக் கிடக்கும், பாசி அபூர்வம், சூரியன் மறைவதும் அந்தப் பக்கத்தில்தான். மார்ச் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் மேற்குக் கரையில் தங்குவதே நல்லது. குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கு பிரான்சின் வானிலைத் துறை சர்காசம் எந்தப் பக்கம் வருகிறது என்று முன்னறிவிப்பே வெளியிடுகிறது. புறப்படுவதற்கு நாலைந்து நாள் முன்பு அதைப் பார்த்தால் போதும். திரும்பக் கிடைக்கும் கட்டணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல. வீட்டின் படங்களை விட, அண்மையில் தங்கியவர்கள் அதே மாதத்தில் எழுதிய கருத்துகளைத் தேடிப் படிக்க வேண்டும். நான் ஜனவரியில் தங்கியவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஏப்ரலுக்குப் பணம் கட்டியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பாஸ்-தேரின் வடமேற்கு முனையில் உள்ள தேஹே என்ற மீனவர் ஊரில் மலைச்சரிவில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. சமையலறை உண்டு, கொசுவலை உண்டு. வீட்டுக்கார அம்மாள் முதல் வேலையாகப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். குவாதலூப்பில் பழைய குழாய்கள் ஒழுகி, பல ஊர்களில் முறை வைத்துத் தண்ணீர் நிறுத்துகிறார்கள். தங்குமிடத்தில் சொந்தத் தொட்டி இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நம்மூரில் வீடு பார்க்கும்போது கேட்கிற முதல் கேள்வியை, வெளிநாடு என்றதும் நான் கேட்க மறந்திருந்தேன்.

அன்று ஞாயிறு மதியம் ஆகிவிட்டதால் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. சனிக்கிழமை மாலையே இரண்டு நாளைக்குச் சாமான் வாங்கி வைத்துவிடுவது அங்கே வழக்கம். தெருவோர வண்டி ஒன்றில் போகித் வாங்கினோம். எண்ணெயில் பொரித்த உப்பலான ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்துத் தருகிறார்கள். பாலாடைக்கட்டியும் தக்காளியும் மட்டும் வைக்கச் சொல்லி இவர் இரண்டு சாப்பிட்டார்.

காரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்தத் தீவில் கார் இல்லாமல் காரியமில்லை. பேருந்து மாலையோடு குறைந்துவிடும், ஞாயிறன்று பார்ப்பதே அரிது. முன்பதிவு இவர் பெயரில் இருந்தது. கவுன்ட்டரில் பிணைத்தொகைக்குக் கிரெடிட் கார்டு கேட்டார்கள், அதுவும் ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டுமாம். இவர் கொண்டு வந்தது டெபிட் கார்டு. கிரெடிட் கார்டு என் பெயரில். அரை மணி நேரம் பேசியும் விடவில்லை. கடைசியில் ஒப்பந்தத்தையே என் பெயருக்கு மாற்றினார்கள். தானியங்கி கியர் வண்டி முன்பே கேட்டு வைக்காததால் கிடைத்தது கையால் கியர் மாற்றும் வண்டி. காரைக்காலில் அப்பாவின் மாருதியில் கற்றுக்கொண்டது கைக்கு மறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான்தான் ஓட்டினேன், இவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார். வீட்டில் எப்போதும் இவர்தான் ஓட்டுவார். இடம் மாறி உட்கார்ந்ததில் பேச்சும் வேறு மாதிரி வந்தது. வளைவில் நான் கவனமாக இருக்கும்போது அவர் பழைய கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார், திருச்சி கல்லூரி விடுதிக் கதைகள், நான் கேட்டிராதவை.

திங்கட்கிழமை இவருடைய நாள். கிராந்த் ஆன்ஸ் கடற்கரை நாங்கள் தங்கிய வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம். தங்க நிற மணல், பின்னால் பசுமை. நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்தோம், குளித்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம். கையால் சுற்றி எடுக்கும் தேங்காய் ஐஸ்கிரீமை ஒரு அம்மாள் விற்றார், அதில் இலவங்கப்பட்டை வாசனை. மதியம் மூன்று மணிக்கு எனக்குக் கை பரபரத்தது, எங்காவது போகலாமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அதன் பிறகு இருட்டும் வரை நாங்கள் பேசியதை இங்கே எழுத மாட்டேன். அந்த ஒரு பிற்பகலுக்காகவே இந்தப் பயணம் போயிருக்கலாம்.

அந்தக் கடற்கரைகளில் ஒரு எச்சரிக்கை உண்டு. மான்சனியே என்றொரு மரம், பச்சை ஆப்பிள் போலச் சிறு பழம் காய்க்கும். பழம், பால், இலை எல்லாம் விஷம். மழை பெய்யும்போது அதன் கீழே ஒதுங்கி நின்றால் சொட்டும் நீர் பட்டுத் தோல் கொப்பளிக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். நிழலுக்கு உட்காரும் முன் மேலே ஒரு முறை பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை லே சாந்த். தெற்கே த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து அரை மணிக்கும் குறைவான படகுப் பயணம், அலை கொஞ்சம் தூக்கிப் போடும். காலையில் ஒன்றிரண்டு படகு, மாலையில் திரும்ப ஒன்றிரண்டு, அவ்வளவுதான், அதனால் திரும்பும் நேரத்தை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தேர்-தெ-ஓ என்ற தீவில் இறங்கியதும் துறையிலேயே பெண்கள் கூடையில் ஒரு சின்னப் பலகாரம் விற்கிறார்கள், உள்ளே தேங்காய்ப் பூரணம். பெயருக்குக் 'காதல் வேதனை' என்று பொருள். மேலே உள்ள நெப்போலியன் கோட்டை காலையில் மட்டும்தான் திறந்திருக்கும். முதலில் அங்கே ஏறிவிட்டுப் பிறகு கடலில் இறங்குங்கள். 1782 ஏப்ரலில் இந்தத் தீவுகளுக்கு எதிரேதான் ஆங்கிலேயக் கப்பற்படை பிரெஞ்சுப் படையை முறியடித்தது. கோட்டைச் சுவரில் உடும்பு போன்ற பெரிய இகுவானாக்கள் அசையாமல் வெயில் காய்ந்தன.

புதன் காலை மலாந்தூருக்குப் போனோம். எதிரே உள்ள இரண்டு குட்டித் தீவுகளைச் சுற்றிய கடல்பகுதிக்குப் பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்தோவின் பெயர் வழங்குகிறது. இப்போது அது தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருக்கிறது. இவருக்கு நீச்சல் தெரியாது. அடிப்பாகம் கண்ணாடியாக உள்ள படகில் போய் பவளமும் மீன்களும் பார்த்தோம். கரைக்குப் பக்கத்தில் கடலாமை ஒன்று மூச்சு வாங்கத் தலை நீட்டியபோது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

சாப்பாட்டுக் கவலை இருக்கும் சைவக்காரர்களுக்கு: 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் மீன் வரும். இறைச்சி, மீன் இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அக்ரா என்ற பொரித்த உருண்டை பெரும்பாலும் உப்பு மீனில் செய்வது, ஆனால் பரங்கிக்காயில் செய்ததும் கிடைக்கும். கிறிஸ்தோஃபின் என்று அவர்கள் சொல்வது நம்முடைய சௌசௌதான். அதை வேகவைத்துப் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்டுத் தருவார்கள். சீமைப்பலா, நேந்திரன் போன்ற வாழை, சேனைவகைக் கிழங்குகள் எல்லாம் சந்தையில் உண்டு. சமையலறை உள்ள வீடு எடுத்ததால் ஒரு வேளை வெளியே, ஒரு வேளை வீட்டில் என்று சமாளித்தோம். சந்தைக்காரர் ஒருவர் பாகற்காயைக் கையில் எடுத்து "பவோகா" என்றார். அந்த ஊர்க் கிரியோல் மொழியில் அதற்கு அதுதான் பெயர். 'பாகற்காய்' அத்தனை கடலையும் தாண்டி வந்து இப்படித் தங்கியிருக்கிறது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

எதுவும் வாங்கும் முன் "போன்ஜூர்" சொல்லுங்கள். கடைக்குள் நுழைந்ததும், வரிசையில் நிற்கும்போதும், வழி கேட்கும் முன்பும். சொன்னால் முகம் மலரும், சொல்லாவிட்டால் இறுகும். வட அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் பிரெஞ்சு வகை மின் செருகி கொண்டு போக வேண்டும். மின்சாரம் நம்மூர் அளவு, 230 வோல்ட்.

வியாழக்கிழமை என்னுடைய நாள். சூஃப்ரியேர் உச்சிக்கு ஏறுவதா, கார்பே அருவிக்குப் போவதா என்று யோசித்து அருவியை எடுத்தேன், ஏனென்றால் அதே காபெஸ்தேர் ஊர்ச் சாலையில்தான் கோயிலும் இருக்கிறது. மழைக்காட்டை ஊடறுத்துச் செல்லும் சாலையில் காலை ஏழு மணிக்கே புறப்பட்டோம். கார்பேயின் இரண்டாவது அருவி 110 மீட்டர். 1493இல் கொலம்பஸ் கடலிலிருந்தே கண்டதாகச் சொல்வார்கள். வண்டி நிறுத்தத்திலிருந்து அரை மணிக்குள் நடந்துவிடலாம், பாதை ஈரம், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் மலையைப் பெரும்பாலும் மேகம் மூடிவிடுகிறது. எங்களுக்கு இருபது நிமிஷம் தெளிவாகக் கிடைத்தது.

கீழே இறங்கும் வழியெல்லாம் வாழைத் தோட்டம். 1972இலிருந்து 1993 வரை இந்தத் தோட்டங்களில் அடித்த குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்து மண்ணிலும் ஆற்றிலும் இன்னும் இருக்கிறது. அதனால் பல ஆறுகளில் மீன் பிடிக்கத் தடை. இவ்வளவு பச்சையான நிலத்துக்கு இப்படி ஒரு காயம் என்பது தாங்க முடியாத விஷயம்.

ஷாஞ்சி கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகச் சுதைச் சிற்பங்கள். பெரிய கதவு பூட்டியிருந்தது, விழா நாட்களில்தான் திறப்பார்களாம். நாங்கள் வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். இந்தத் தீவுகளில் மாரியம்மன் 'மாலியேமின்' ஆகியிருக்கிறாள், மதுரைவீரன் 'மல்தேவிலின்' ஆகியிருக்கிறான். காபெஸ்தேரைச் சேர்ந்த ஆன்றி சிதம்பரம் என்பவர், இந்த மக்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904இலிருந்து 1923 வரை வழக்காடி வென்றார். பத்தொன்பது வருஷம். அவருடைய ஊரில் நின்று அதை இவருக்குச் சொன்னபோது, இவர் "உங்க ஊர்லேர்ந்து போனவங்களா இருக்கும்" என்றார். இருக்கலாம்.

கடைசி நாளை விமானத்துக்கு மட்டும் என்று விட்டுவிடாதீர்கள், அதே சமயம் அதில் ரொம்பவும் நம்பிக்கை வைக்காதீர்கள். காலை நேரத்தில் புவான்தாபித்ரைச் சுற்றி வண்டிகள் நகராது. ஆறு மணிக்கே கிளம்பியதால் மசாலாச் சந்தையில் ஒரு மணி நேரம் கிடைத்தது. பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015இல் திறந்த அடிமை வரலாற்று நினைவகத்துக்கு அரை நாளாவது வேண்டும், அதை வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம். அது எனக்குக் குறையாகவே இருக்கிறது. சந்தையில் 'கொலம்போ' என்ற மசாலாப் பொடி கால் கிலோ வாங்கி, கனடாவில் இறங்கியதும் சுங்கத் தாளில் எழுதிக் காட்டினேன்.

இரவு வீட்டுக்கு வந்தபோது சின்னவன் தூங்கியிருந்தான், மூத்தவள் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா பொடியைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு நாக்கில் ஒரு துளி வைத்துவிட்டு, "மிளகாய எங்கடி விட்டாங்க?" என்று கேட்டார். மறுநாள் அதில் மிளகாய்த்தூள் சேர்த்து சௌசௌ குழம்பு வைத்தார். இவர் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார்.